ஜப்பானியத் திரையில் பெண் ஏறிய வரலாறு

கூத்து மேடையில் பெண் வேடத்தை ஆண்மகன் பூணுவது நம்மவர்க்குப் புதிதன்று. தோட்டங்களில் காமன் கூத்து நடந்த இரவுகளில் ரதியாக வந்து நின்றவன், பகலில் பால்மரம் வெட்டுகிறவன் என்பதை அறியாத பிள்ளை இல்லை. நாடகக் கம்பெனிகளில் ‘ஸ்திரீபார்ட்’ என்றே ஒரு வகுப்பு இருந்தது. ஆகவே ஜப்பான் நாட்டில் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெருமேடைகளில் பெண் கால் வைக்கவில்லை என்று சொன்னால் நேயர்கள் வியப்படைய மாட்டார்கள். வியப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. அந்நாட்டின் புகழ்பெற்ற கபுகிக் கூத்தைத் தொடங்கி வைத்தவளே ஒரு பெண்.

1603ஆம் ஆண்டளவில் கியோட்டோ நகரத்துக் காமோ ஆற்று மணற்படுகையில் ஓக்குனி என்னும் பெண் ஆடினாள். இஸுமோ என்னும் ஊரின் பெருங்கோயிலைச் சேர்ந்தவள் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவள் அவள். ஆடியதோ பக்திக் கூத்து மட்டும் அன்று. ஆணுடை தரித்து, இடுப்பில் வாள் செருகி, தேநீர் விடுதிப் பெண்ணிடம் சரசமாட வரும் மிடுக்கனாக அவளே நடித்துக் காட்டினாள். ஊர் திரண்டது. அவளைப் பார்த்து வேறு பெண்களும் குழுச் சேர்த்தார்கள். ஒழுங்கினின்றும் சாய்ந்து நடத்தல் என்னும் பொருள்பட்ட சொல்லிலிருந்து ‘கபுகி’ என்ற பெயர் அந்த ஆட்டத்திற்கு வந்தது.

ஆடிய குழுக்கள் பலவற்றில் உடல் விற்பனையும் கலந்திருந்தது உண்மையே. கூத்துப் பார்க்க வந்த போர்வீரர்கள் பெண்களுக்காகத் தம்முள் அடித்துக்கொண்டதும் உண்மை. தொக்குகாவா அரசு 1629ஆம் ஆண்டில் பெண்கள் மேடையேறுவதைத் தடுத்து ஆணையிட்டது. குற்றம் யாருடையது, தண்டனை யாருக்கு என்பதை நேயர்களே நோக்குக. பெண்களுக்குப் பதிலாக இளம் பையன்கள் ஆட வந்தார்கள். அதே வீரர்கள் அப்பையன்களுக்காகவும் அடித்துக்கொண்டார்கள்! 1652இல் பையன்களும் விலக்கப்பட்டார்கள். முன்நெற்றி மயிரைச் சிரைத்த வளர்ந்த ஆடவர் மட்டுமே ஆடலாம் என்று ஆயிற்று. சிரைத்த நெற்றியை மறைக்க, பெண் வேடம் பூண்டவர்கள் ஊதாத் துணியொன்றைத் தலையில் அணிந்தார்கள். நாளடைவில் அந்தத் துணியே அழகென்று கொண்டாடப்பட்டது.

இஃது ஏன் சொல்லப்படுகிறதெனில், பிற்காலத்தில் நடிகைகளை எதிர்த்தவர்கள் யாவரும் ‘தொன்றுதொட்டு வந்த மரபு’ என்றே பேசினார்கள். தொன்றுதொட்டு வந்தது அன்று. 1629ஆம் ஆண்டில் வந்தது. அதற்கு முன்னிருந்த மரபு ஓக்குனியின் மரபு. அரசாணை ஒன்று நான்கு தலைமுறை நிலைத்துவிட்டால், அதை முன்னோர் வகுத்ததாகவே மக்கள் எண்ணிவிடுகிறார்கள்.

பெண் வேடம் பூண்ட அவ்வாடவரைப் பழிப்பது நம் கருத்தன்று. ‘ஒன்னகாத்தா’ என்றும் ‘ஒயாமா’ என்றும் அழைக்கப்பட்ட அவர்களின் கலை மிக நுட்பமானது. யோஷிசாவா ஆயாமே என்னும் பெருநடிகர், மேடைக்கு வெளியேயும் பெண்ணாகவே வாழ்ந்தாலன்றி இந்த வேடம் கைகூடாது என்று சீடர்களுக்குக் கற்பித்தார். கழுத்தைச் சாய்ப்பது, தோளை ஒடுக்குவது, கிமோனோவின் நுனியைப் பற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் பயிற்சி உண்டு. இதன் விளைவாக விந்தையான ஒரு கொள்கை முளைத்தது: பெண்மையை ஆண்தான் சரியாகக் காட்டுவான், உண்மைப் பெண் மேடையில் வந்தால் அது வெறும் உடலாய் நிற்குமேயன்றிக் கலையாகாது. பெண்ணுக்குப் பெண்ணாக இருக்கத் தெரியாது என்பதுதானே இதன் பொருள்?

1868இல் தொக்குகாவா ஆட்சி வீழ்ந்து மெய்ஜி அரசு ஏற்பட்டது. 1890ஆம் ஆண்டை ஒட்டி ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் நடிக்க டோக்கியோ போலீசார் இசைந்தனர். ஆணை நீங்கியது, மனம் நீங்கவில்லை. முதலில் பேரெடுத்த நடிகை தன் நாட்டில் நடிகையாகவில்லை, அமெரிக்காவில் ஆனார். அவர்தாம் சதாயாக்கோ. 1871இல் பிறந்து கெய்ஷாவாக வளர்ந்தவர். கவாகாமி ஒத்தோஜிரோ என்னும் நாடகக்காரரை மணந்து, 1899இல் அவருடைய குழுவோடு மனைவி என்ற முறையில் கப்பலேறினார். அமெரிக்க ரசிகர்களுக்கோ பெண் வேடத்தில் ஆண் வருவது விளங்கவில்லை. ஆகவே அவரே மேடையேற நேர்ந்தது. 1900இல் பாரிஸ் பொருட்காட்சியில் அவர் ஆடியதைக் காண ஐரோப்பியக் கலைஞர் கூட்டம் முண்டியடித்தது. ஊர் திரும்பி 1903இல் ‘ஒதெல்லோ’வில் டெஸ்டிமோனாவாக வந்தார். 1908இல் நடிகைகளுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அங்கே சேர்ந்தவர்களில் மோரி ரித்சுக்கோ என்பவர் பார்லிமெண்டு உறுப்பினரின் மகள். அவர் நடிகையானதும், முன்னர் அவர் படித்த பெண்கள் பாடசாலையின் பழைய மாணவியர் சங்கம் அவருடைய பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. அடித்தவர்களும் படித்த பெண்களே என்பதை மறந்துவிடலாகாது.

இனி நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய ஒருத்தி மத்சுயி சுமாக்கோ. நாகானோ மலைநாட்டில் 1886இல் பிறந்தவர். இரு முறை மணமாகி இரு முறையும் பிரிந்தவர். மூக்கு மேடைக்கு ஏற்றதாக இல்லை என்று கருதி, மூக்கினுள் மெழுகைச் செலுத்தி உயர்த்திக்கொண்டார்; அதனால் பின்னர் வலியும் வீக்கமும் அனுபவித்தார். சுபோவுச்சி ஷோயோ என்னும் அறிஞர் நடத்திய கலைச் சங்கத்தில் சேர்ந்து, 1911இல் ஒபீலியாவாகவும், அதே ஆண்டில் இப்சன் எழுதிய ‘பொம்மை வீடு’ நாடகத்தில் நோராவாகவும் நடித்தார். கணவனையும் குழந்தைகளையும் விட்டு, தன்னை ஒரு மனிதப் பிறவியாக அறிவதற்குக் கதவைத் திறந்து வெளியேறும் நோரா! ஹிராத்சுக்கா ராய்ச்சோ முதலிய பெண்கள் ‘செய்தோ’ என்ற பத்திரிகையைத் தொடங்கியதும் அதே 1911ஆம் ஆண்டில்தான். ‘புதிய பெண்’ என்னும் சொல் பத்திரிகைகளில் வசைச் சொல்லாகவும் வாழ்த்துச் சொல்லாகவும் ஒருங்கே அடிபட்டது.

அந்நாடகத்தை ஆக்கிய ஷிமாமுரா ஹோகெத்சு மனைவியும் மக்களும் உடைய பேராசிரியர். அவருக்கும் சுமாக்கோவுக்கும் காதல் உண்டாயிற்று. சங்கத்தினின்றும் இருவரும் விலக நேர்ந்தது. 1913இல் கலை மன்றம் ஒன்றைத் தாமே அமைத்தனர். 1914இல் தால்ஸ்தாயின் ‘புத்துயிர்ப்பு’ மேடையேறியது. சுமாக்கோ கத்யூஷா. அதில் அவர் பாடிய பாட்டை நாக்காயாமா ஷிம்பெய் இசையமைத்தார். இசைத்தட்டு நாடெங்கும் பரவியது. 1918 நவம்பர் 5ஆம் நாள் விஷ ஜுரத்தில் ஹோகெத்சு இறந்தார். உலகெங்கும் பரவிய அந்தக் கொள்ளை நோய்தான். இரண்டு மாதம் சுமாக்கோ நடித்துக்கொண்டே இருந்தார். 1919 ஜனவரி 5ஆம் நாள் அதே நாடக மன்றத்தின் கட்டடத்தில் தூக்கிட்டு இறந்தார். அவருக்கு வயது முப்பத்திரண்டு.

சினிமா எங்கே என்று நேயர்கள் கேட்கலாம். இதோ வருகிறது. சலனப்படக் கருவி 1897க்குள் ஜப்பானை எட்டிவிட்டது. 1899இல் கெய்ஷாக்களின் நடனங்களைப் படம் பிடித்தார்கள். அதாவது, திரையில் பெண்ணுருவம் தொடக்கத்திலேயே இருந்தது. ஆனால் கதை சொல்லத் தொடங்கியவுடன் அவளை வெளியே அனுப்பினார்கள். கபுகிக் காட்சிகளை அப்படியே பிடித்தமையால் ஒயாமா நடிகர்களும் படத்துள் வந்தார்கள். 1912இல் நிக்கத்சு என்னும் பெருங் கம்பெனி தோன்றியது. டோக்கியோவில் முக்கோஜிமா என்னுமிடத்தில் அதற்கு ஒரு ஸ்டூடியோ. 1914இல் சுமாக்கோவின் கத்யூஷா ஊரையே ஆட்டுவதைக் கண்டு, அக்கதையை அங்கே படமாக்கினார்கள். கத்யூஷா யார்? தாச்சிபானா தெய்ஜிரோ என்னும் இளைஞர்! ஒரு பெண் உயிர் கொடுத்த வேடத்தை ஆணுக்குக் கொடுத்து எடுத்த படம் பெருவெற்றி பெற்றது. தெய்ஜிரோ 1918இல் இளமையிலேயே இறந்தார்.

எவ்வாறு இது செல்லுபடியாயிற்று? இரண்டு காரணம். படத்தை எட்ட நின்று பிடித்தார்கள். முழு உருவமும் தெரியும், முகம் சிறிது. மற்றொன்று, ‘பென்ஷி’ என்பவர். ஊமைப்படம் ஓடும்போது திரையருகே நின்று கதையை விளக்கி, பாத்திரங்களின் குரலில் பேசுகிறவர் அவர். சில கொட்டகைகளில் பல பென்ஷிகள் சேர்ந்து நாடகம் போலவே பேசுவர். கேட்கும் குரலும் ஆண் குரல், காணும் பெண்ணும் ஆண். மக்கள் இதில் குறையொன்றும் காணவில்லை.

குறையைக் காட்டியது வெளிநாட்டுப் படம். 1916 முதல் புளூபேர்ட் என்னும் அமெரிக்கக் கம்பெனியின் படங்கள் ஜப்பானிய இளைஞர்களை மயக்கின. நாட்டுப்புறக் காதற் கதைகள்தாம். ஆனால் அவற்றில் பெண்ணின் முகம் திரை நிறைய வரும். கண் கலங்குவது தெரியும். முகத்தை அத்தனை அருகில் கொண்டுவந்தால் ஒயாமாவின் பூச்சும் தாடையும் தொண்டைக் குமிழும் கூட வந்து நிற்கும். கழுத்தைச் சாய்க்கும் கலை அங்கே பயன்படாது. பல தலைமுறைகள் வாதத்தால் அசையாத ஒன்றைக் காமிராவின் கண்ணாடி அசைத்துவிட்டது. நம்போன்ற எழுதுகிறவர்களுக்கு இது சிறிது நாணம் தரும் செய்தியே.

இளைஞர் சிலர் ‘தூய திரைப்பட இயக்கம்’ என்று பேசத் தொடங்கினர். ஒயாமாவை நீக்குக, பென்ஷியை நம்பாது படமே கதை சொல்லுக என்பது அவர்கள் கோரிக்கை. தலைவர் போல் நின்றவர் 1893இல் பிறந்த கயேரியாமா நோரிமாசா. படக்கலைப் பத்திரிகை நடத்தியவர், நூல் எழுதியவர். அவர் தென்கத்சு கம்பெனியாரை இசைவித்து, 1918இல் ‘வாழ்வின் ஒளி’ என்னும் படத்தை எடுத்தார். வெளிநாட்டுக்கு அனுப்பும் படம், அங்கே ஒயாமா செல்லாது என்று முதலாளிகளிடம் சொல்லி இசைவு வாங்கினார் என்பர். வழக்கத்தின் காவலர்களை ஏற்றுமதி ஆசை காட்டி வென்றது சாமர்த்தியந்தான். அதில் நாயகியாக ஹனயாகி ஹருமி என்னும் பெண் நடித்தார். புது நாடக மேடையிலிருந்து வந்தவர். டோக்கியோ வாலிபனைக் காதலித்து ஏமாறும் நாட்டுப்புறப் பெண் வேடம். படம் 1919 செப்டம்பரில் வெளிவந்தது. பெரிய பணம் ஒன்றும் ஈட்டவில்லை. ஆயினும் ஜப்பானின் முதற் சினிமா நடிகை என்று வரலாற்றாசிரியர் பலரும் ஹருமியையே குறிக்கின்றனர். அவருக்கு முன்னும் பெண் கூத்துக்குழுக்கள் சில படங்களில் தலைகாட்டியதுண்டு. ஆனால் இனிப் பெண்தான் பெண்ணாக வருவாள் என்ற உறுதியோடு எடுக்கப்பட்ட படம் இதுவே.

1920இல் கதவு அகலத் திறந்தது. யோக்கோஹாமாவில் தைகத்சு கம்பெனி தொடங்கிற்று. அதற்கு இலக்கிய ஆலோசகராக வந்தவர் புகழ்பெற்ற நாவலாசிரியர் தனிசாக்கி ஜுனிச்சிரோ. அமெரிக்காவிலிருந்து திரும்பிய தாமஸ் குரிஹாரா படம் பிடித்தார். அவர்களுடைய ‘அமெச்சூர் கிளப்’ என்னும் படத்தில் தனிசாக்கியின் மைத்துனி, ஹயாமா மிச்சிக்கோ என்ற பெயர் தரித்து, கடற்கரையில் குளியல் உடையில் தோன்றினார். அக்காலத்தில் இது எத்தகைய பரபரப்பை உண்டாக்கியிருக்கும் என்று ஊகித்துக்கொள்க. அவரைக் கண்முன் நிறுத்தியே தனிசாக்கி பின்னர் 1924இல் ‘நவோமி’ நாவலின் நாயகியைப் படைத்தார். அதில் ஒருவன் ஒரு பெண்ணைத் தன் விருப்பப்படி வார்க்க முயன்று, முடிவில் அவளுக்கு அடிமையாகிறான். ஆண்கள் நடிகையைப் பற்றிக் கொண்ட ஆசையும் அச்சமும் அந்நாவலில் ஒருசேரப் பதிந்திருக்கின்றன.

அதே 1920இல் ஷோச்சிக்கு படக் கம்பெனி பிறந்தது. அதன் முதலாளிகளான ஷிராய், ஓத்தானி என்னும் உடன்பிறந்தார் கபுகிக் கொட்டகைகளை ஆண்டவர்கள். மேடையில் ஒயாமாவால் பொருளீட்டியவர்களே திரையில் அவரை வேண்டாமென்றார்கள்! கொள்கையன்று, கணக்கு. டோக்கியோவின் காமாத்தாவில் ஸ்டூடியோ கட்டி, நாடக மேதை ஒசானாய் கவோருவைக் கொண்டு நடிப்புப் பள்ளி நடத்தினார்கள். நவம்பரில் வந்த முதற்படம் ‘தீவுப் பெண்’. நாயகி கவாதா யோஷிக்கோ. 1921இல் ‘குபிஜின்சோ’ என்னும் படத்தில் பத்தொன்பது வயதுக்குள் இருந்த குரிஷிமா சுமிக்கோ தோன்றினார். அத்தோடு நட்சத்திரம் என்ற சொல்லுக்கு ஜப்பானில் பொருள் கிடைத்தது. அவருடைய படம் அச்சிட்ட அட்டைகளைக் கடை கடையாக வாங்கிச் சேர்த்தார்கள். 1923இன் தொடக்கத்தில் ‘படகோட்டி பாட்டு’ என்னும் படத்தில் அவர் அழுததைப் பார்த்து நாடே அழுதது. அப்பாட்டுக்கு இசையமைத்தவர் சுமாக்கோவுக்குக் கத்யூஷா பாட்டை அமைத்த அதே ஷிம்பெய்.

நிக்கத்சு கடைசி வரை பிடிவாதமாக இருந்தது. பின்பு அதுவும் நடிகைகளை எடுக்கத் துணிந்தபோது, 1922இன் இறுதியில் ஒயாமா நடிகர்கள் ஒரு குழுவாக வெளியேறி வேறு கம்பெனிக்குப் போனார்கள். அவ்வாண்டு டிசம்பரின் கடைசியில் வந்த ‘கியோயா கழுத்துப்பட்டிக் கடை’ என்னும் படம், தனாக்கா எய்சோ இயக்கியது, ஒயாமா கலையின் கடைசிப் பெரும் படம் எனப்படுகிறது. 1923 செப்டம்பர் 1ஆம் நாள் பகல் உணவு நேரத்தில் வந்த பூகம்பமும் நெருப்பும் டோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் அழித்தன. மாண்டவர் ஒரு லட்சத்துக்கு மேல். முக்கோஜிமா ஸ்டூடியோவும் அத்தோடு முடிந்தது.

வெளியேறியவர்களில் கினுகாசா தெய்னோசுக்கே என்பவர் ஒருவர். பெண் வேடத்தில் பேர் வாங்கியவர், இனித் தன் தொழில் இல்லை என்று கண்டு, காமிராவின் பின்பக்கம் போய் நின்றார். 1926இல் அவர் எடுத்த ‘பித்தின் ஒரு பக்கம்’ உலகின் சிறந்த ஊமைப்படங்களுள் வைத்து எண்ணப்படுகிறது. 1953இல் எடுத்த ‘நரக வாயில்’ அடுத்த ஆண்டு கான் நகரில் முதற்பரிசு பெற்றது. வேலை இழந்தவர்களை எண்ணும்போது இவரையும் எண்ணுவது நேர்மை. எல்லாருக்கும் இவருடைய திறமையும் வாய்ப்பும் வாய்க்கவில்லை என்பதையும் எண்ணுவது அதைவிட நேர்மை.

இனி, திரையேறிய பெண்கள் என்ன பெற்றார்கள்? புகழ் பெற்றார்கள், ஊதியம் பெற்றார்கள். சுதந்திரம் பெற்றார்களா என்றால் தயங்கியே விடை சொல்ல வேண்டும். ஒகாதா யோஷிக்கோவைப் பாருங்கள். 1902இல் பிறந்தவர், 1923 முதல் நிக்கத்சுவின் முன்னணி நடிகை. 1927இல் ஒரு படம் பாதியில் இருக்கையில், உடன் நடித்தவரோடு ஸ்டூடியோவை விட்டுப் போய்விட்டார். பத்திரிகைகள் கொண்டாடித் தூற்றின. பின்னர் ஷோச்சிக்குவில் ஒசு யாசுஜிரோ 1933இல் எடுத்த ‘டோக்கியோப் பெண்’ படத்தில், தம்பியைப் படிக்கவைக்க இரவில் தன்னை விற்கும் தமக்கையாக நடித்தார். செய்தி தெரிந்த தம்பி தற்கொலை செய்துகொள்கிறான். 1938 ஜனவரி 3ஆம் நாள், போர் வெறி நாட்டை மூடிக்கொண்டிருந்தபோது, ஒகாதா நாடக இயக்குநர் சுகிமோத்தோ ரியோக்கிச்சியோடு சக்காலின் தீவின் பனி எல்லையைக் கடந்து சோவியத் நாட்டினுள் நுழைந்தார். விடுதலை தேடிப் போன இருவரையும் ஒற்றர் என்று பிடித்தார்கள். சுகிமோத்தோ 1939இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒகாதாவுக்குப் பத்தாண்டுச் சிறை. பின்பு மாஸ்கோ வானொலியில் ஜப்பானிய மொழியில் பேசினார். 1972இல்தான் தாய்நாட்டை மீண்டும் பார்த்தார். 1992இல் மாஸ்கோவில் இறந்தார்.

இடையில் ஒரு செய்தி. அந்த ஒசுவை 1943இல் ஜப்பானிய இராணுவம் சிங்கப்பூருக்கு அனுப்பியது. நம் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பேர் சேர்ந்த இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றிப் படம் எடுப்பது அவருக்கு இட்ட பணி. படம் முற்றுப்பெறவேயில்லை. கைப்பற்றப்பட்ட அமெரிக்கப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 1946இல் ஊர் திரும்பினார்.

கம்பெனியின் கைப்பாவையாக இராமல் தாமே முதலாளியாக முயன்றவரும் உண்டு. பிரபு குலத்தில் பிறந்த இரியே தக்காக்கோ 1932இல் தம் பெயரிலேயே படக்கம்பெனி தொடங்கினார். அதன் முதற்படம் மஞ்சூரியா ஆக்கிரமிப்புக்குப் பாட்டுப் பாடியது என்பதையும் மறைப்பதற்கில்லை. 1936இல் சக்கானே தாசுக்கோ என்னும் பெண் ஒரு கதைப்படத்தை இயக்கி, ஜப்பானின் முதற் பெண் இயக்குநரானார்.

அடுத்தவர் தனாக்கா கினுயோ. 1909இல் ஷிமோனோசெக்கியில் பிறந்து, பதினான்கு வயதில் ஷோச்சிக்குவில் சேர்ந்தவர். 1931இல் வந்த முதல் முழுப் பேசும்படத்தில் மனைவியாக வந்து பேசியவர் அவரே. பென்ஷிகளின் காலம் அத்துடன் சாயத் தொடங்கிற்று. 1953இல் அவர் படம் இயக்க முன்வந்தபோது, அவரை வைத்துப் பல படங்கள் எடுத்த மிசோகுச்சியே எதிர்த்தார். கினுயோ கேட்கவில்லை, ஆறு படங்கள் இயக்கினார். 1958இல் கிழவி வேடத்திற்காக முன்பற்களைப் பிடுங்கிக்கொண்டார் என்பர்.

அவருடைய கடைசிப் பெரும் வேடம் நம் பகுதியைச் சேர்ந்தது. 1974இல் குமாய் கெய் எடுத்த ‘சண்டாக்கான் எட்டாம் எண் விடுதி’. கியூஷுத் தீவின் ஏழைக் குடில்களிலிருந்து பெண் பிள்ளைகளை விலைக்கு வாங்கி, வட போர்னியோவிலும் சிங்கப்பூர் மலாய்த் தெருவிலும் வைத்துத் தொழில் செய்வித்த காலத்தின் கதை. சிங்கப்பூரில் அவ்விடுதிகளை மூடும்படி ஜப்பானியத் தூதரகம் உத்தரவிட்டது 1920இல். காமாத்தா ஸ்டூடியோ பெண்களைத் தேடிக்கொண்டிருந்த அதே ஆண்டு. ஊர் திரும்பிய அத்தகைய ஒருத்தியின் முதுமையைக் கினுயோ நடித்தார். பெற்ற மகனாலும் ஒதுக்கப்பட்டு, இடிந்த குடிசையில் பூனைகளோடு வாழும் கிழவி. அடுத்த ஆண்டு பெர்லின் விழாவில் சிறந்த நடிகை என்று பரிசளித்தார்கள். 1977இல் அவர் மறைந்தார். அந்தப் படத்தின் முடிவில், சண்டாக்கான் குன்றுக் காட்டில் புதர் மண்டிக் கிடக்கும் அப்பெண்களின் கல்லறைகள் காட்டப்படுகின்றன. அவை ஜப்பானுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன.